ஆபிரிக்காவுக்குச் செல்வதாயின்

ஒட்டுசுட்டானுக்கு அண்மையில், காட்டோரமாக வயல் வைத்திருக்கும் ஒரு கமக்காரர் குடும்பத்தை மனத்தில் நிறுத்திப் பார்க்கலாம். மூத்த மகன் கனடாவில் இருக்கிறான். பெற்றோர் அவனைக் கண்டு பல ஆண்டுகளாயின. பெற்றோருக்குக் கனடா விசா இருமுறை மறுக்கப்பட்டது. மகனோ ஊருக்கு வர மனமில்லாதவனாக இருக்கிறான். இறுதியில் அவன் ஒரு வழி சொன்னான். மூன்றாவது நாடொன்றில் எல்லோரும் இரண்டு கிழமை ஒன்றாக இருப்பது. தன் பிள்ளைகள் வனவிலங்கு பார்க்க ஆசைப்படுவதால் அந்த நாடு ஆபிரிக்காவில் இருப்பது நல்லது. விமானச் சீட்டு அவன் பொறுப்பு. மற்றச் செலவு பெற்றோரின் சேமிப்பு.

ஆபிரிக்காவில் எந்த நாடு என்பதை அவன் வீட்டாரிடமே விட்டுவிட்டான். அன்றிரவே வீட்டில் மூன்று கட்சிகள் உண்டாயின. விலங்கென்றால் யானையும் அதில் அடங்கும் என்று கேட்ட தந்தை சிரித்துவிட்டார். பெரும்போகம் முழுவதும் காவற்பரணில் யானைவெடியுடன் விழித்திருக்கும் மனிதரைக் காசு கொடுத்து யானை பார்க்கப் போகச் சொன்னால் அவர் வேறென்ன செய்வார்? தாய் மொரிசியஸ் என்றார். அங்கே தமிழர் காவடி எடுக்கிறார்கள் என்று அவர் கேட்டிருந்தார். வவுனியாவில் வங்கியொன்றில் வேலை பார்க்கும் மகள் ருவாண்டா என்று ஒரு சொல் மட்டும் சொன்னாள்.

இக்குடும்பம் கற்பனையே. ஆயினும் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் இத்தகைய வீடுகள் பலவுண்டு என்பதை நேயர்கள் அறிவர். ஏ9 நெடுஞ்சாலை நெடுங்காலம் மூடிக்கிடந்து 2002 இல் திறந்தது. 2006 ஆகஸ்டில் மீண்டும் அடைபட்டது. ஓமந்தையைக் கடப்பதற்கே அனுமதிச் சீட்டு வேண்டியிருந்த மக்கள், இன்று கடவுச்சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு எந்த நாட்டுக்குப் போகலாம் என்று வாதிடுகிறார்கள். அந்த வாதம் நடக்கட்டும். ஆனால் விவரம் அறிந்து நடக்கட்டும்.

முதலில் களைய வேண்டியது, ஆபிரிக்கா என்பது ஒரு நாடு என்ற மயக்கம். அது இலங்கையைப் போல நானூறு மடங்குக்கும் மேல் பரந்த கண்டம். ஐக்கிய நாடுகள் சபையில் அதற்கு 54 உறுப்பு நாடுகள் உண்டு. எகிப்தைப் பார்த்துக் கென்யாவைப் பார்த்துத் தென்னாபிரிக்காவையும் பார்த்துத் திரும்புவோம் என்று இரண்டு கிழமைக்குத் திட்டமிடுபவர், விமான நிலையங்களைப் பார்த்துத் திரும்புவார். ஒரு நாடு போதும். மிஞ்சினால் எல்லை தொட்ட இரண்டு. இதனை வடக்கின் பழைய ஆசிரியர்கள் நன்கறிவார்கள். 1970 களிலும் 1980 களிலும் நைஜீரியாவுக்கும் சாம்பியாவுக்கும் கற்பிக்கச் சென்றவர்கள் அவர்களிடையே உளர். நைஜீரியாவில் இருந்தவரிடம் சாம்பியாவைப் பற்றிக் கேட்டால், அது வேறு உலகம் என்றே விடை வரும்.

எந்த நாடு என்பதற்கு விளம்பரப் புத்தகங்கள் விடை தரமாட்டா. அவை இலண்டனில் இருப்பவருக்கும் டோக்கியோவில் இருப்பவருக்கும் ஒரே படத்தையே காட்டும். ஊரில் நாள்தோறும் எழுகின்ற கேள்வி ஒன்றைக் கையோடு கொண்டுபோகிறவனுக்கே பயணம் பயன் தரும். அந்த வகையில் பார்த்தால், சிரித்த தந்தையிடமே மிக வலுவான கேள்வி இருந்தது.

இலங்கையில் 2011 ஆம் ஆண்டு எடுத்த கணக்கெடுப்பில் 5,879 யானைகள் காணப்பட்டன. 2023 இல் மட்டும் 480 க்கு மேற்பட்ட யானைகள் இறந்தன. யானைகளால் 180 க்கு மேற்பட்ட மனிதர் உயிரிழந்தனர். இவை வன்னிக்குப் புதிய செய்தியல்ல. கென்யாவின் தென்கிழக்கில் சாவோ என்ற காடு இருக்கிறது. அதன் இரு பகுதிகளும் சேர்ந்து 20,000 சதுரக் கிலோமீற்றருக்கு மேல். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய மூன்று மாவட்டங்களையும் சேர்த்தால் வரும் பரப்பைப் போல மூன்று மடங்கிற்கும் அதிகம். 1898 இல் அங்கே புகையிரதப் பாலம் கட்டிய இந்தியத் தொழிலாளரைச் சிங்கங்கள் கொன்ற கதையைப் பலர் படித்திருப்பார்கள். வன்னிக் கமக்காரர் அறிய வேண்டியது அக்கதையன்று. சாவோவின் ஓரத்தில் சகல்லா என்ற ஊர் உண்டு. அங்கே சோளம் பயிரிடுவோர் யானையைத் தேனீயால் தடுக்கிறார்கள்.

அதன் முறை எளியது. வயலைச் சுற்றிக் கம்பங்கள் நட்டு, அவற்றிடையே தேன்கூட்டுப் பெட்டிகளைத் தொங்கவிட்டு, எல்லாவற்றையும் ஒரே கம்பியால் தொடுத்துவிடுகிறார்கள். இரவில் வரும் யானை கம்பியில் முட்டினால் வரிசையாகப் பெட்டிகள் ஆடும், தேனீக்கள் கிளம்பும். யானையின் தோல் தடித்ததாயினும் கண்ணோரமும் துதிக்கையின் உள்ளும் மென்மையானவை. லூசி கிங் என்ற ஆய்வாளர் ஊரவரோடு சேர்ந்து பல ஆண்டுகள் இதனைச் சோதித்தார். வேலியை அணுகிய யானைகளிற் பெரும்பாலானவை திரும்பிவிட்டன. தேன் விற்ற காசு கமக்காரருக்கு மேலதிக வருமானமாயிற்று. வறட்சி வந்து கூடுகள் வெறுமையான காலத்தில் வேலியின் பயனும் குறைந்தது என்பதையும் மறைக்கலாகாது.

இம்முயற்சி இலங்கையிலும் வஸ்கமுவைப் பக்கத்தில் செய்து பார்க்கப்பட்டிருக்கிறது. நம் நாட்டுத் தேனீ சாதுவானது. ஆபிரிக்கத் தேனீயின் சீற்றம் அதற்கில்லை. எனவே அங்கே பலித்தது இங்கே அப்படியே பலிக்கும் என்று சொல்வதற்கில்லை. ஆனால் மின்சார வேலியின் பழுதையும் வெடியின் பயனின்மையையும் அனுபவித்த ஒரு கமக்காரர், இன்னொரு கமக்காரரின் வயலோரத்தில் நின்று, கம்பி எவ்வளவு உயரம், பெட்டிக்கு நிழல் எப்படி, ஈ ஓடிப்போனால் என்ன செய்வீர்கள் என்று கேட்பதற்கு நிகரான சுற்றுலா எது? அதன் பின்னர் கிளிமஞ்சாரோ மலை எதிரே தோன்றும் அம்போசெலி வெளியில் ஆபிரிக்க யானைக் கூட்டத்தைக் காணும்போது அவர் சிரிக்கமாட்டார். அங்கே பெண் யானைக்கும் தந்தமுண்டு என்பதே அவரை வியக்க வைக்கும். இலங்கையில் கொம்பன் யானைகளே ஆண்களிற் சிறு பகுதிதான்.

தாயின் மொரிசியஸும் தள்ளத்தக்கதன்று. இந்துமாகடலில் கிடக்கும் அத்தீவு ஆபிரிக்க நாடுகளின் வரிசையில் எண்ணப்படுவது. பிரெஞ்சுக்காரர் ஆண்ட காலத்திலேயே புதுச்சேரிப் பக்கத்துக் கைவினைஞர் அங்கே சென்றனர். 1834 முதல் ஒப்பந்தக் கூலிகளாகப் பல்லாயிரவர் கப்பலேறினர். அவர்கள் கரையிறங்கிய ஆப்பிரவாசி படித்துறை 2006 இல் உலக மரபுரிமைச் சின்னமாயிற்று. தைப்பூசம் அங்கே அரசாங்க விடுமுறை. நாணயத் தாள்களில் தமிழ் எழுத்து உண்டு. 1998 இல் வெளியிட்ட தாள்களில் தமிழ் இந்திக்குப் பின் வைக்கப்பட்டபோது தமிழ் வழிவந்தோர் கிளர்ந்தனர். அத்தாள்களை மீளப் பெற்றுத் தமிழை முன்வைத்து வேறு தாள் அச்சிட வேண்டியதாயிற்று. இத்தனைக்கும், அவர்களிற் பெரும்பாலோர் வீட்டிற் பேசுவது கிறியோல் மொழி. வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் பொங்கலுக்குக் காவடி பார்த்துப் பழகிய தாய், அங்கே காவடியைக் காண்பார். காவடி தூக்கியவரோடு இரண்டு வார்த்தை பேசத்தான் முடியாது. மொழி போன பின் வழிபாடு எப்படி நிற்கிறது என்று அறிய விரும்புவோருக்கு அதைவிடச் சிறந்த இடமில்லை. கனடாவில் வளரும் பேரப்பிள்ளைகள் உடன்வரும் பயணத்தில் இது சாதாரணக் கேள்வியன்று.

தென்னாபிரிக்காவும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. 1860 நவம்பர் 16 ஆந் திகதி, சென்னையிலிருந்து புறப்பட்ட துரூரோ என்ற கப்பல் தேர்பன் துறையை அடைந்தது. சத்தியாக்கிரகத்தில் சிறை சென்று 1914 இல் பதினாறு வயதில் மறைந்த தில்லையாடி வள்ளியம்மை பிறந்தது யொகன்னஸ்பேர்க் நகரில். வனவிலங்கும் தமிழர் வரலாறும் ஒருங்கே வேண்டுவோருக்கு அந்நாடு பொருந்தும். ஆனால் பெருநகரங்களில் களவும் வழிப்பறியும் மிகுதி. வயோதிபரை அழைத்துச் செல்வோர் தனியே அலையலாகாது.

எகிப்தைப் பற்றிச் சொல்லப் பலர் உளர். கீசாப் பிரமிட்டுகளுக்கு அருகில் 2025 நவம்பரில் முறைப்படி திறந்த பெரிய நூதனசாலை ஒன்றே இரண்டு நாளைக் கொள்ளும். இரணைமடுவின் நீரை யாருக்கு எவ்வளவு விடுவது என்ற வாதத்தைக் கேட்டிருப்பவர், அஸ்வான் அணையையும் எதியோப்பியா 2025 இல் நீல நைலின் குறுக்கே திறந்த பேரணையையும் பற்றிய பிணக்கை வழிகாட்டியின் துணையின்றியே விளங்கிக்கொள்வார். ஆனால் பேரப்பிள்ளைகள் தேடும் சிங்கம் அங்கே கல்லில்தான் இருக்கும்.

இனி, மகள் சொன்ன ருவாண்டா. 1994 ஏப்ரலில் தொடங்கி ஏறக்குறைய நூறு நாட்களில் அங்கே எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர், பெரும்பாலும் துற்சி இனத்தவர், கொல்லப்பட்டனர் என்பது ஐக்கிய நாடுகளின் கணக்கு. தலைநகர் கிகாலியில் 2004 இல் திறந்த நினைவகத்தில் இரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்டோரின் எச்சங்கள் அடக்கப்பட்டிருக்கின்றன. ‘கச்சாச்சா’ எனப்படும் ஊர்மன்றங்கள் 2012 வரை இலட்சக்கணக்கான வழக்குகளைக் கேட்டன. கொன்றவனும் இழந்தவனும் ஒரே ஊரில் இருந்துகொண்டு பேசியாக வேண்டிய நிலை அது. அம்மன்றங்களில் நீதி குறைவாகவே கிடைத்தது என்போரும் உண்டு. அரசைக் குறை கூறுவது இன்றும் அங்கே எளிதன்று.

2009 மே மாதம் வரை வன்னியில் இருந்தவர்களுக்கு அந்நாடு ஏன் நினைவுக்கு வருகிறது என்பதை விளக்க வேண்டியதில்லை. இரு நாடுகளின் கதையும் ஒன்றன்று. அங்கே இரு சாராரும் பேசுவது ஒரே மொழி. உவமையை இழுத்துப் பொருத்தலாகாது. ஆயினும் காணாமற் போனவரின் பெயரை எங்கே எழுதுவது, யார் முன்னிலையில் அழுவது என்ற கேள்வியோடு ஒருவர் அங்கே போவாரானால் அவர் வெறுங்கையோடு திரும்பமாட்டார். ஆனால் அது விடுமுறையன்று. பல ஆண்டுகளுக்குப் பின் மகனைச் சந்திக்கும் தாயை, மலைக்குரங்கு காட்டி, மறுநாள் மண்டையோட்டு மண்டபத்துக்கு அழைத்துச் செல்வது முறையாகாது. மகள் பிறகொருகால் தனியே போகட்டும். அந்த ஆசை காத்திருக்கக் கூடியது.

காலமும் தெரிவை முடிவு செய்யும். மசாய் மாரா வெளிக்குப் பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட ‘வில்டபீஸ்ட்’ மான்கள் தன்சானியாவின் செரங்கெற்றியிலிருந்து வந்து சேர்வது யூலை முதல் ஒக்டோபர் வரை. நம் பாடசாலைகளின் இரண்டாந் தவணை விடுமுறை வழக்கமாக ஆகஸ்டில் வருகிறது. கனடாவிலும் அது கோடை விடுமுறை. ஏப்ரல் விடுமுறையிற் கென்யா செல்வோர் பெருமழையில் அகப்படுவர். அக்காலத்தில் சாம்பியாவுக்கும் சிம்பாப்வேக்கும் நடுவிலுள்ள விக்டோரியா நீர்வீழ்ச்சி பெருக்கெடுத்திருக்கும். பெருக்கு மிகுந்தால் திவலை மூடி வீழ்ச்சியே தெரியாமற் போவதும் உண்டு. ஆகஸ்டில் நைரோபி குளிரும். கம்பளிச் சட்டை எடுத்துச் செல்லாத வன்னியார் வருந்துவர்.

காய்ச்சலை மறத்தல் கூடாது. மலேரியாவுக்கு அஞ்சி மக்கள் விட்டோடிய பூமி வன்னி. 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. இப்போது அந்நோய் பயணிகளின் உடலிலேதான் இங்கு வருகிறது. கென்யா போன்ற நாடுகளுக்குச் செல்வோருக்கு மலேரியா எதிர்ப்பு இயக்கம் தடுப்பு மாத்திரைகளை இலவசமாகத் தருகிறது. புறப்படுமுன் தொடங்கித் திரும்பிய பின்னும் சொன்ன நாள்வரை விழுங்க வேண்டும். மஞ்சட் காய்ச்சல் ஊசி பொரளையிலுள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தில் போடப்படுகிறது. போட்டுப் பத்து நாள் கழிந்த பின்னரே சான்றிதழ் செல்லும். கென்யாவிலிருந்து திரும்புவோர் அதனைக் கட்டுநாயக்கவிற் காட்ட வேண்டும். அறுபது வயது கடந்தவர்கள் வைத்தியரைக் கேளாமல் அவ்வூசியைப் போடலாகாது. மொரிசியஸுக்கு இவ்விரு தொல்லையும் இல்லை என்பது தாயின் கட்சிக்கு ஒரு வலு.

பணத்தைப் பற்றி ஒளிவு மறைவின்றிப் பேச வேண்டும். மசாய் மாராவில் யூலை முதல் டிசெம்பர் வரை வெளிநாட்டவர் ஒருவருக்கு ஒரு நாள் நுழைவுக் கட்டணம் மட்டும் 200 அமெரிக்க டொலர் என 2024 இல் உயர்த்தினார்கள். ருவாண்டாவில் மலைக்குரங்கை ஒரு மணி நேரம் பார்க்க 1,500 டொலர். ஆகவே மாராவில் ஒரு நாளோடு நிறுத்திக்கொண்டு, எஞ்சிய நாட்களை அம்போசெலியிலும் சாவோவிலும் கழிப்பதே சிக்கனம். விசா விதிகள் அடிக்கடி மாறுவன. பெற்றோரின் கடவுச்சீட்டுக்கும் மகனின் கடவுச்சீட்டுக்கும் விதி வேறாக இருக்கும். இரண்டையும் அறிந்த பின்னரே சீட்டு வாங்க வேண்டும்.

ஒட்டுசுட்டான் வீட்டில் வாதம் மூன்று கிழமை நீடித்திருக்கும். இறுதியில் ஆகஸ்டும் கென்யாவும் என்று முடிந்திருக்கும். பிள்ளைகளின் விடுமுறையே அதனை முடிவு செய்திருக்கும். தந்தை சகல்லாவுக்கு இரண்டு நாள் கேட்டிருப்பார். சிறுபோக அறுவடையை யாரிடம் ஒப்படைப்பது என்ற கவலை வேறு அவருக்கு. மொரிசியஸை விட்டுக்கொடுத்த தாய் கேட்டது வேறொன்று: நைரோபியில் விமானம் இறங்கும்போது, மகன் முந்திவந்து வாசலில் நிற்பானா, அல்லது அவனுக்காகத் தாங்கள் காத்திருக்க வேண்டுமா?