நாற்பதுக்கு ஒன்று

கனடாவின் கியூபெக்கிலும் அமெரிக்காவின் வெர்மான்டிலும் குளிர்காலம் முடியும் வாக்கில் இரவு உறையும், பகல் சற்றே இளகும். அப்போதுதான் மேப்பிள் மரத்தில் துளையிட்டு வாளி மாட்டுவார்கள். சொட்டும் சாற்றைக் குடித்துப் பார்த்தால் ஏமாற்றம்தான். சர்க்கரை சுமார் 2 சதவீதமே. ஏறக்குறைய 40 லிட்டர் காய்ச்சினால் 1 லிட்டர் பாகு கிடைக்கும், மற்றதெல்லாம் ஆவி! வீட்டுக்குள் காய்ச்சினால் சுவரெல்லாம் ஈரம் வழியும்.

ஆகவே வெளியே விறகு அடுப்பு, அதன்மேல் அகலமான தட்டையான பாத்திரம். ஆவி போக அகலம்தான் முக்கியம், ஆழம் அல்ல. விறகு நன்றாகக் காய்ந்து, மணிக்கட்டுப் பருமனில் பிளந்திருக்கட்டும். பெரிய கட்டைகளைத் திணித்துவிட்டுப் போய்விடாமல், அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டால் கொதி அடங்காது. புதியவர்கள் கோட்டை விடுவது சாறு வற்றும்போதுதான். இரண்டு அங்குலமாவது நிற்க வேண்டும். இல்லையென்றால் அடிப்பிடித்து, பாத்திரமே பாழாகும். இன்னொன்று, விறகை நிறுத்தினாலும் தணல் நிறுத்தாது! இரவு தூங்கப் போகுமுன் தாராளமாகச் சாறு ஊற்றிவைக்க வேண்டும். நுரை பொங்கினால் துளி வெண்ணெய் போதும், அமுங்கிவிடும்.

கடைசிக் கட்டத்தைச் சிறு பாத்திரத்துக்கு மாற்றி, தீயைக் குறைத்துக் காய்ச்சுவார்கள். தண்ணீரின் கொதிநிலையைவிட 4 டிகிரி செல்சியஸ் கூடினால் பதம். காற்றழுத்தத்துக்கேற்பக் கொதிநிலை மாறும் என்பதால், அன்றைக்கே வெறும் தண்ணீரைக் கொதிக்கவைத்து அளந்துகொள்வது நல்லது. பிறகு சூட்டோடு கம்பளித் துணியில் வடிகட்டினால் மணல் போன்ற தாதுப் படிவு தங்கிவிடும். மரத்தில் மொட்டு விரியத் தொடங்கியதும் சாற்றின் சுவை கெடும், வாளியைக் கழற்றிவிடுவார்கள்.