நிழற்படக் கலையும் சமூகமும்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



சென்ற ஆண்டு விழாவின் முடிவில் நாம் அனைவரும் மண்டப வாயிலில் வரிசையாக நின்று படம் எடுத்துக்கொண்டது உங்களுக்கு நினைவிருக்கும். அப்போது நம்முள் மூத்தவர் ஒருவர், "பொத்தானை அமுக்கினால் யந்திரம் தானே எழுதிக் கொள்கிறது; இதைப்போய்க் கலை என்கிறார்களே!" என்று நகைத்தார். அவருக்கு விடை கூறும் பொருட்டே இவ்விஷயத்தை எடுத்துக்கொண்டோம். விடை கூறப் புகுந்து, அவர் கேளாத வேறொரு கேள்வியில் போய் அகப்பட்டுக் கொண்டோம் என்பதையும் முன்னரே ஒப்புக்கொள்ளுகிறோம்.

அப்பெரியவரின் ஐயம் புதிதன்று. 1839-ஆம் ஆண்டில் பிரான்சு தேசத்துத் தாகேர் என்பாரின் முறை உலகிற்கு வெளியிடப்பட்டது. வெள்ளி பூசிய செப்புத் தகட்டில் ஒளியைக் கொண்டே உருவத்தைப் பதிக்கும் முறை அது. இருபதாண்டு கழிந்து, 1859-இல், அந்நாட்டுக் கவி போதலேர், இது வெறுங் கைத்தொழில் என்றும், ஓவியத்தில் தேறாதார் வந்து ஒதுங்கும் இடம் என்றும் கடிந்தெழுதினார். அவரே நடார், கார்ஜா என்னும் படப்பிடிப்பாளர் முன் நின்று தம் உருவைப் பதித்துக்கொண்டவர் என்பது வேடிக்கை. இன்று அவர் முகத்தை உலகம் அறிவது பெரும்பாலும் அப்படங்களாலேயாம்.

யந்திரம் எழுதுகிறது என்பது மெய்யே. ஆனால் அதனை எங்கே வைப்பது, எவ்வளவு உயரத்தில் வைப்பது, எக்கணத்தில் திறப்பது, எதனைப் படத்திற்குப் புறத்தே விட்டுவிடுவது என்பவற்றை யந்திரம் அறியாது. நாகஸ்வரமும் ஒரு மரக்குழலே; அதனால் ராகம் குழலுக்கு உரியதாகிவிடுமோ?

இதனை விளக்க அமெரிக்காவில் நிகழ்ந்த ஒன்றைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறோம். 1900-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி, அந்நாட்டில் 10 முதல் 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 17 லட்சத்துக்கு மேற்பட்டோர் வேலை செய்துவந்தனர். பஞ்சாலையிலும், நிலக்கரிக் களத்திலும், கண்ணாடித் தொழிற்சாலையிலும், சிப்பி உடைக்கும் கொட்டகையிலும் அவர்கள் இருந்தார்கள். இது பலருக்கும் தெரிந்த செய்திதான். ஆயினும் இலக்கத்தைக் கண்டு எவரும் உறக்கம் இழந்ததில்லை.

லூயிஸ் ஹைன் என்பவர் 1874-இல் விஸ்கான்ஸின் மாகாணத்தில் பிறந்தவர். நியூயார்க்கில் பள்ளி ஆசிரியராயிருந்தவர். பள்ளி வேலைக்காகவே காமிராவைக் கையிலெடுத்தவர். 1908-இல், குழந்தைத் தொழிலாளர் பற்றிய தேசியக் கமிட்டி அவரைப் படம் எடுக்க அமர்த்திற்று. உபாத்திமைத் தொழிலை விட்டு அவர் ஊர் ஊராகப் புறப்பட்டார். ஆலை முதலாளிகள் உள்ளே விடுவார்களா? ஆகவே ஓரிடத்தில் தீத்தடுப்பு அதிகாரி என்றும், ஓரிடத்தில் வேதப்புத்தகம் விற்பவர் என்றும், மற்றோரிடத்தில் அஞ்சலட்டை வியாபாரி என்றும் சொல்லிக்கொண்டு நுழைந்தார். கையில் பெட்டிக் காமிரா, கண்ணாடித் தகடுகள், வெளிச்சத்துக்காகக் கொளுத்தும் மக்னீசியத் தூள். தம் சட்டைப் பொத்தான்கள் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் உள்ளன என்பதை முன்னரே அளந்து வைத்திருந்தார். பிள்ளை எந்தப் பொத்தான் உயரம் இருக்கிறதென்று பார்த்து, அதன் உயரத்தைக் கண்டுகொள்வார். சட்டைப் பைக்குள் கையை விட்டவாறே, பிறர் அறியாமல், பெயர், வயது, கூலி, வேலை நேரம் யாவும் குறித்துக்கொள்வார்.

அவர் படங்களை உற்று நோக்கியவர்களுக்கு ஒன்று புலப்படும். பலவற்றில் காமிரா அப்பிள்ளையின் கண்மட்டத்துக்கு இறங்கியிருக்கிறது. நாம் குனிந்து பார்ப்பதில்லை. சிறுமி நம்மை நேர்நின்று பார்க்கிறாள். பின்னே நூற்புயந்திரங்களின் வரிசை நீண்டு மங்குகிறது. முகம் மட்டும் தெளிவாக நிற்கிறது. பிச்சை கேட்கும் முகமன்று அது. நம் வீட்டுப் பிள்ளையின் முகம். யந்திரத்தைச் சில அங்குலம் இறக்கி வைத்த அச்செயலைக் கலை என்னாது வேறென்னவென்பது?

அப்படங்கள் துண்டுப் பிரசுரங்களிலும், கண்காட்சிகளிலும், விளக்கொளிப் படக் கூட்டங்களிலும் நாடெங்கும் காட்டப்பட்டன. 1912-இல் குழந்தைகள் நலனுக்கென அரசாங்க இலாகா ஒன்று தோன்றிற்று. 1916-இல் சட்டம் பிறந்தது. 1918-இல் உச்ச நீதிமன்றம் அதனைத் தள்ளிவிட்டது. 1938-இல்தான் நிலைத்து நின்ற சட்டம் வந்தது. படமே சட்டம் செய்ததென்று நாம் கூறோம். பலருடைய முப்பதாண்டு உழைப்பு அது. ஆயின் அவ்வுழைப்பாளர்களுக்கு, மறுக்கவொண்ணாத சான்றைக் கொடுத்தவர் ஹைன். படத்தோடு பெயரும் வயதும் கூலியும் இருந்தமையால்தான் அது சான்றாயிற்று. அவர் 1940-இல் வறுமையிலேயே காலமானார்.

இனி நாம் அகப்பட்டுக்கொண்ட கேள்விக்கு வருவோம். படம் எடுப்பவன், எடுக்கப்படுபவருக்கு ஏதேனும் கடன்பட்டவனா?

1936 மார்ச்சில் கலிபோர்னியாவின் நிப்போமோ என்னும் ஊரில், பனியால் பட்டாணிப் பயிர் அழிந்து, கூலிகள் பட்டினி கிடந்த முகாமில், டொரோத்தியா லாங்கே என்னும் அம்மையார் ஒரு தாயையும் குழந்தைகளையும் படம் பிடித்தார். உலகிலேயே மிகுதியாக அச்சேறிய படங்களுள் அது ஒன்று. பத்திரிகையில் அது வந்ததும் அம்முகாமுக்கு 20,000 பவுண்டு நிறையுள்ள உணவு அனுப்பப்பட்டது. அதற்குள் அத்தாயின் குடும்பம் வேறிடம் போய்விட்டது! அவள் பெயரைத் தாம் கேட்கவில்லை என்று லாங்கே அம்மையாரே 1960-இல் எழுதினார். 1978-இல்தான் அவள் புளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்று உலகம் அறிந்தது. அப்படத்தால் தனக்கு ஒரு காசும் கிடைத்ததில்லை என்றும், அதனை எடுக்காமலே இருந்திருக்கலாம் என்றும் அவள் கூறினாள். லாங்கே அம்மையாரின் கருணையை நாம் ஐயுறவில்லை. அவர் படத்தின் அழகையும் ஐயுறவில்லை. ஆயினும் அத்தாயின் குறை நியாயமானதென்றே கருதுகிறோம்.

நம் நாட்டிலும் ஒன்றுண்டு. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்தில், ஹூப்பர் என்னும் படை அதிகாரி, எலும்பும் தோலுமாய் நின்ற நம் முன்னோரைக் குழுப்படத்திற்கு இருத்துவதுபோல் இருத்திப் படம் எடுத்தார். அவர்களில் ஒருவர் பெயரும் நமக்குத் தெரியாது. அவர்கள் எவருடைய பாட்டனோ, எவருடைய பாட்டியோ!

தூரத்துக் குறைகளைச் சொல்வது எளிது. நம் இதழையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்டுதோறும் ஏழை மாணவர்க்குப் பாடப்புத்தகம் வழங்குகிறோம். வழங்குகின்ற பெரியோர் காமிராவை நோக்கி நிமிர்ந்து நிற்கிறார். வாங்கும் சிறுவன் தலை குனிந்திருக்கிறான். அவன் முகத்தில் பாதி பெரியோரின் அங்கவஸ்திரத்தில் மறைந்துவிடுகிறது. கீழே வழங்கியவர் பெயர் பட்டத்தோடு இருக்கிறது. அப்பிள்ளையின் பள்ளித் தோழர் நால்வர் அதனைப் பார்த்தால் அவன் மனம் என்ன பாடுபடும் என்பதை நாம் எண்ணிப் பார்த்ததுண்டா? இனி அப்படம் வேண்டா என்பது நம் அபிப்பிராயம். பரீட்சையில் தேறிய பிள்ளையை, அவன் இசைவு கேட்டு, அவன் கண்மட்டத்தில் காமிராவை வைத்து, அவன் பெயரோடு எடுத்து வெளியிடுவோம். நிர்வாக சபையார் இதனை ஆலோசிப்பார்களாக.

எம் இல்லத்திலும் இக்குறை உண்டு. கூடத்தில் பழைய குழுப்படம் ஒன்று தொங்குகிறது. நாற்காலியில் அமர்ந்த ஆடவர் எழுவரின் பெயரும் கீழே அட்டையில் அச்சிடப்பட்டுள்ளது. பின்னே நிற்கும் பெண்மக்கள் ஐவர். ஒருவர் பெயரும் இல்லை. எம் அத்தையார் கண்ணாடியைக் கண்ணருகில் கொண்டுபோய் மூவரை இன்னார் என்று சொன்னார். நான்காமவளைக் காட்டியபோது, "இவள் தலைப்பிரசவத்தில் போனவள், நல்ல குரல், பேர் நாளைக்கு நினைவு வரும்" என்றார். நாம் மறுபடி கேட்கவில்லை. அத்தையார் மறுவருஷம் காலமாயினார்.

இக்காலத்தில் கைபேசி உடையார் யாவரும் படப்பிடிப்பாளரே. ஒரு கலியாணத்தில் ஆயிரம் படம் எடுக்கிறோம். அவற்றின் கதியைப் பிறகு பேசிக்கொள்வோம். பழைய அட்டைப் படங்களே இப்போது அவசரம். அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது, வீட்டில் உள்ள பழைய படங்களை எடுத்துவாருங்கள். முக்கியமாக வீட்டு மூதாட்டியரை அழைத்துவாருங்கள். படத்தின் பின்புறத்தில் மையால் எழுதினால் ஊறிவிடும். மெல்லிய பென்சிலால், அழுத்தாமல், ஓரத்தில் எழுதவேண்டும். பென்சில்களும் ஒரு நோட்டுப்புத்தகமும் மேஜைமேல் வைக்கப்பட்டிருக்கும். எழுத்து வேலைக்கு இளைஞர் நால்வர் இன்றே பெயர் கொடுத்தால் நலம்.