ஒரு மீனுக்கு எவ்வளவு கடல் வேண்டும்?



அண்மையில் ஒரு மாலைப் பொழுதில், மில்லர்புரத்தில் என் வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருந்தேன். எங்கள் தெருவில் வசிக்கும் பன்னிரண்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் வாளி ஒன்றைச் சுமந்து வந்தான். அவனுடைய தாய்மாமன் வல்லத்தில் கடலுக்குச் செல்பவர். பாரின் ஓரத்தில் அவர் போட்டிருந்த கூட்டில் சிறு மீன் ஒன்று அகப்பட்டதாம். உள்ளங்கையில் பாதி அளவே இருந்தது. கருநீல உடலில் வெண்ணிற வளையங்கள் ஒன்றனுள் ஒன்றாக அமைந்திருந்தன.

"ஐயா, அப்பா 2 அடிக் கண்ணாடித் தொட்டி வாங்கித் தந்திருக்கிறார். அதில் இதை வளர்க்கலாமா?" என்று கேட்டான்.

அது பேரரச ஏஞ்சல் மீனின் குஞ்சு. ப்ளாக் என்னும் ஜெர்மானிய அறிஞர் 1787ஆம் ஆண்டிலேயே இதற்கு அறிவியற்பெயர் சூட்டினார். வளர வளர அவ்வளையங்கள் மறைந்து, மஞ்சளும் நீலமுமான கோடுகள் உடல் நெடுகத் தோன்றும்; கண்ணின்மேல் முகமூடி போலக் கரும்பட்டை அமையும். குஞ்சையும் தாயையும் அருகருகே வைத்துக் காட்டினால் இரண்டும் ஒரே இனம் என்று எவரும் நம்பமாட்டார். முதிர்ந்த மீன் தன் எல்லைக்குள் நுழையும் தன்னினத்தைத் துரத்தும் இயல்புடையது. குஞ்சின் வேறு நிறம் அதற்கு ஒரு காப்பாக இருக்கலாம் என்பது அறிஞர் சிலர் கருத்து.

நிறம் மாறுவது வியப்பு. உடல் பெருப்பதுதான் இடர். இம்மீன் 40 சென்டிமீட்டர் வரை வளரும். மன்னார் வளைகுடாவில் வாழும் இதன் உறவினமான நீலவளைய ஏஞ்சல் அதனினும் சற்றுப் பெரிதாகும்.

அவனிடம் ஒரு தாளும் பென்சிலும் கொடுத்துக் கணக்குப் போடச் சொன்னேன். (ஓய்வு பெற்றும் இப்பழக்கம் என்னை விட்டபாடில்லை.) 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம் என்றால் 2 கன அடி, ஏறத்தாழ 57 லிட்டர். 40 சென்டிமீட்டர் என்பது 1 அடி 4 அங்குலம். ஓரடி அகலத்தில் அம்மீன் உடலை வளைக்காமல் திரும்பவும் முடியாதன்றோ? முதிர்ந்த மீன் ஒன்றுக்கு 8 அடி நீளமும், இரண்டரை அடி அகலமும், இரண்டரை அடி உயரமும் இருத்தல் நன்று. அது 50 கன அடி. சற்றேறக்குறைய 1,400 லிட்டர். அக்கடல்நீரின் எடை மட்டும் ஒன்றரை டன்னை நெருங்கும். 20 லிட்டர்க் கேன்களில் சுமந்தால் 70 கேன்கள்!

"நீளத்தைக் குறைத்து உயரத்தைக் கூட்டினால் இடம் மிச்சமாகுமே, ஐயா?" என்றான். நல்ல கேள்வி. நீரின் அழுத்தம் ஆழத்தைப் பொறுத்தது, நீளத்தைப் பொறுத்ததன்று. உயரத்தை இரட்டித்தால் அடிக்கண்ணாடியின் மீதுள்ள அழுத்தமும் இரட்டிக்கும்; கண்ணாடி மேலும் தடிப்பாக வேண்டும். காற்றிலிருந்து உயிர்வளி கலப்பதோ நீரின் மேற்பரப்பு வழியாக. உயர்ந்து குறுகிய தொட்டியில் மேற்பரப்பு சிறுத்துவிடும். அன்றியும், ஏஞ்சல் மீன் பாறை நெடுகச் சுற்றித் திரிவது. அதற்கு வேண்டுவது ஓடுவதற்கு இடமும், ஒளிவதற்குக் குகையுமே.

இவ்விடத்தில் என் பழைய பிழையொன்றைச் சொல்லியாக வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன், நான் பணியாற்றிய பள்ளி ஒன்றின் ஆய்வுக்கூடத்தில், காலையில் தொட்டியை நிரப்பி மாலையில் இத்தகைய மீன் ஒன்றை விட்டேன். நீர் பளிங்கு போலிருந்தது. ஒரு வாரத்திற்குள் மீன் மிதந்தது. மாணவர்கள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எனக்கு விடை தெரியவில்லை. பிறகே படித்து அறிந்தேன். மீனின் கழிவிலிருந்து அம்மோனியா உண்டாகிறது. அது கண்ணுக்குத் தெரியாத நஞ்சு. அதனை நைட்ரைட்டாகவும், பின்னர்க் கேடு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் தொட்டியில் பெருகுவதற்கு 4 முதல் 6 வாரங்கள் ஆகும். அதுவரை பெரிய மீனை விடலாகாது. சிறு தொட்டியில் நஞ்சு விரைந்து செறியும்; பெருந்தொட்டி பிழையைச் சற்றே பொறுத்துக்கொள்ளும்.

உப்பைப் பற்றித் தூத்துக்குடி மாணவர்களுக்கு நான் கூற வேண்டுவதில்லை. உப்பளப் பாத்தியில் வெயிலால் நீர் குறையக் குறைய உப்பு ஏறுவதை நீங்கள் அறிவீர்கள். தொட்டியிலும் அதுவே நிகழ்கிறது. ஆவியாகிப் போவது நன்னீர் மட்டுமே. ஆகவே, ஆவியாகிக் குறைந்ததை நன்னீரால் நிரப்ப வேண்டும். கடல்நீரை ஊற்றுவது பெருந்தவறு. நம் ஊரின் கோடை வெப்பத்தில் நீரில் கரையும் உயிர்வளியும் குறையும். மின்சாரம் நின்று காற்றுக்குழாயும் ஓய்ந்தால் என்ன ஆகும் என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

உணவும் எளிதன்று. கடலில் இம்மீன் பெரிதும் கடற்பஞ்சுகளைக் கொறித்து உண்பது. கஞ்சிப்பாசியும் இறால் துண்டும் ஓரளவுக்கு ஈடு செய்யும். தொட்டியை அழகுபடுத்தப் பவளப்பாறையை உடைத்து வருவோரும் உளர். சட்டம் அதனைத் தடுக்கிறது. மன்னார் வளைகுடாத் தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்காவாக உள்ளன. சுண்ணாம்புக்காகப் பவளப்பாறைகளை வெட்டியெடுத்ததால் நம் கண்ணெதிரிலுள்ள வான் தீவு எவ்வளவு தேய்ந்தது என்பதை உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள்.

மாணவன் நெடுநேரம் பேசவில்லை. வாளியையே பார்த்துக்கொண்டிருந்தான். "மாமா நாளைக் காலையில் அதே பாருக்குத்தான் போகிறார், ஐயா" என்றான் இறுதியில். வேறு மீன்களோடு தொட்டியில் கிடந்த மீனாயின் நோய் பரவுமென்று அஞ்சி, கடலில் விடாதே என்றிருப்பேன். இதுவோ சில மணி நேரமே வாளியில் இருந்தது. கையில் வலைத்துண்டோடு அதைப் பிடிக்கப் போனவனைத் தடுத்தேன். ஏஞ்சல் மீனின் கன்னத்தில் ஒரு முள் உண்டு, வலையில் சிக்கிக்கொள்ளும். வாளியோடே கொண்டுபோகச் சொன்னேன். பாதி நீரை மாற்றி, இரவெல்லாம் காற்றுக்குழாய் போட்டு வைத்திருந்தானாம். விடியலில் அது வல்லத்தில் ஏறிற்று.

அவனுடைய 2 அடித் தொட்டி வீணாகவில்லை. ஆறு வாரம் பொறுத்திருந்து, பொரிப்பகத்தில் பிறந்த கோமாளி மீன் இரண்டை வாங்கி விட்டிருக்கிறான். ஆயினும் கணக்கை அவன் விட்டபாடில்லை. நேற்று வந்து, 8 அடித் தொட்டியை மாடியில் வைத்தால் தளம் தாங்குமா என்று கேட்டான். அதற்கு விடை என்னிடம் இல்லை. கட்டடப் பொறியாளர் ஒருவரைக் கேட்டு வா என்று அனுப்பியிருக்கிறேன்.