இடாப்பும் எழுத்தும்

மாத்தளை நகருக்கு அண்மையில், தம்புள்ளைக்குச் செல்லும் பெருவீதியின் ஓரத்தில், அலுவிகாரை என்னும் குகைக்கோயில் இருக்கின்றது. வாய்மொழியாக வழங்கிவந்த பௌத்தத் திரிபிடகம் கிறிஸ்துவுக்கு முந்திய முதலாம் நூற்றாண்டில் அங்கேதான் முதன்முதலாக ஏட்டில் எழுதப்பெற்றது என்பர். பஞ்சத்தாலும் போராலும் கற்றோர் மாண்டால் அவர் கற்றதும் உடன் மாண்டுவிடுமே என்ற அச்சமே அப்பணிக்குக் காரணமாயிற்று. எழுத்தின் அருமையை அத்துணைத் தொன்மையான காலத்திலே உணர்ந்த மண் மாத்தளை மண்.

அதே வீதி வழியாகப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வேறொரு மக்கட் கூட்டம் வந்தது. மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே நடந்து, காய்ச்சலுக்கும் பசிக்கும் பலரைப் பலிகொடுத்து, எஞ்சியோர் மாத்தளையை அடைந்தனர். கோப்பித் தோட்டங்களில் உழைக்கத் தமிழ்நாட்டிலிருந்து வந்த தொழிலாளரே அவர். நகரின் முத்துமாரியம்மன் கோயில் அவர்களுடைய வரலாற்றுக்கு இன்றும் சான்றாக நிற்கின்றது. கோப்பி நோயுற்று அழிந்தபின் தேயிலையும் இறப்பரும் கொக்கோவும் மலைகளை மூடின. பயிர்கள் மாறின, லயமும் கங்காணியும் மாறவில்லை. ஏடு பிறந்த மாவட்டத்திலே இம்மக்களின் பிள்ளைகள் நெடுங்காலம் எழுத்தின்றியே வளர்ந்தனர்.

தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கல்வி கிட்டிய வரலாறு, கதவு மெல்ல மெல்லத் திறந்த வரலாறாகும். 1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டம், 6 வயது முதல் 10 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும் கடமையைத் தோட்ட நிருவாகத்தின்மேல் சுமத்தியது. ஆயினும் பிள்ளை கற்பதைவிடக் கொழுந்து குறையாதிருப்பதே துரைமாருக்குப் பெரிதாக இருந்தது. ஒரே அறை, ஒரே ஆசிரியர், ஐந்து வகுப்பு என்பதே தோட்டப் பாடசாலையின் இலக்கணமாயிற்று. சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா கல்வி மந்திரியாக இருந்த காலத்தில், 1945இல், இலங்கை எங்கும் இலவசக் கல்வி வந்தது. அதன் பயன் தோட்டத்து எல்லையைத் தாண்டி உள்ளே செல்லவில்லை. 1960இல் உதவி நன்கொடை பெறும் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றபோதும் தோட்டப் பாடசாலைகள் புறத்தே நின்றன. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையான பின்னர், 1977 தொடக்கமே அவை படிப்படியாக அரசாங்கப் பாடசாலைகளாயின.

அதன்பின் நடந்தவற்றைக் குறைத்து மதிப்பிடுதல் தகாது. 1980 முதல் இலவசப் பாடநூல், 1993 முதல் சீருடைத் துணி, சுவீடன் நாட்டின் உதவியால் புதிய கட்டடங்கள், ஜெர்மனியின் உதவியோடு கொட்டகலைப் பத்தனையில் எழுந்த ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி என்று ஒவ்வொன்றாக வந்தன. 1998 முதல் 14 வயது வரையும், 2016 முதல் 16 வயது வரையும் கல்வி கட்டாயமாக்கப்பட்டது. இரத்தோட்டை, உக்குவளை, எல்கடுவை முதலிய பகுதிகளின் மலைச்சரிவுகளில் காலையிலே வெள்ளைச் சீருடையணிந்து இறங்கிவரும் சிறுவர் கூட்டத்தைக் காணும் எவரும், ஒரு நூற்றாண்டுப் போராட்டம் வென்றுவிட்டது என்றே எண்ணுவர்.

வெற்றிதான், ஆனால் பாதி வெற்றி. ஆசிரியர் காலையில் இடாப்பைத் திறந்து பெயர்களை அழைக்கின்றார். பிள்ளைகள் விடையளிக்கின்றனர். அவ்விடையால் பிள்ளை பாடசாலைக்கு வந்தது தெரிகின்றது. பிள்ளை கற்றது தெரிவதில்லை. மூன்றாம் தரத்தில் இருக்கும் சிறுமி ஒருத்தி தன் பாடநூலின் ஒரு பக்கத்தைத் தானே வாசித்துப் பொருள் சொல்வாளா? கல்வியின் தரம் என்று பெரியோர் நீண்ட அறிக்கைகளில் எழுதுவதெல்லாம் இவ்வொரு கேள்வியிலே அடங்கிவிடும்.

இது மாத்தளைக்கு மட்டும் உரிய கேள்வியன்று. 1990இல் தாய்லாந்தின் ஜொம்தியன் நகரில் கூடிய உலக நாடுகள் யாவர்க்கும் கல்வி என்று உறுதி பூண்டன. அதன்பின் ஆசியாவிலும் ஆபிரிக்காவிலும் கோடிக்கணக்கான பிள்ளைகள் பாடசாலை புகுந்தனர். ஆயினும் 2022இல் உலக வங்கியும் யுனெஸ்கோ முதலிய நிறுவனங்களும் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, வறிய நாடுகளிலும் நடுத்தர வருவாயுள்ள நாடுகளிலும் 10 வயதுப் பிள்ளைகளில் நூற்றுக்கு 70 பேர் வரையில் எளியதொரு கதையை வாசித்து விளங்கிக்கொள்ள இயலாதவராய் இருந்தனர். வகுப்பறையில் இருந்தும் கல்லாதிருத்தல் இக்காலத்தின் புதிய கல்லாமையாகும்.

பழைய கல்லாமையை எவரும் கண்டனர். புதிய கல்லாமை கண்ணுக்குப் புலப்படுவதில்லை. எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளையும் ஆண்டுதோறும் ஒரு தரம் உயர்த்தப்படுகின்றது. ஐந்தாம் தரத்தில் புலமைப்பரிசில் பரீட்சை வரும்போது ஆசிரியரின் கவனம் வெல்லக்கூடிய சிலர்மேற் செல்கின்றது. ஏனையோர் பின்வரிசையில் அமைதியாக அமர்ந்திருக்கின்றனர். பின்னர், சாதாரணதரப் பரீட்சைக்கு முன்னரோ பின்னரோ, கொழும்பிலுள்ள ஒரு கடைக்கோ வீட்டு வேலைக்கோ அவர்கள் புறப்படுகின்றனர். பாடசாலையை விட்டு அவர்கள் விலகியதாக ஊர் பேசும். உண்மையில் பாடசாலை அவர்களை முதலிரண்டு தரங்களிலேயே விட்டுவிட்டது.

இதற்குக் காரணம் யாது? முதற் காரணம் நிலையாத ஆசிரியர். மலையுச்சிப் பாடசாலைக்கு வேற்றூரிலிருந்து நியமனம் பெறுபவர், பேருந்தும் தங்குமிடமும் இல்லாத நிலையில், வந்த நாள் முதலே இடமாற்றத்தை எண்ணுதல் இயல்பு. அவரைப் பழித்துப் பயனில்லை. மலையகத்திற் பிறந்தவரையே ஆசிரியராக்கினால் அவர் நிலைப்பார் என்ற கருத்து சரியானது. அக்கருத்தின்படியே 2015ஆம் ஆண்டையொட்டிப் பெருந்தோட்டப் பாடசாலைகளுக்கு ஏறத்தாழ 3,000 ஆசிரிய உதவியாளர் நியமனம் பெற்றனர். ஆனால் அவர்களுக்கு முதலில் வழங்கப்பட்ட மாதக் கொடுப்பனவு 6,000 ரூபா மட்டுமே. பின்னர் அது 10,000 ரூபாவாயிற்று. உள்ளூர் இளைஞரை அழைத்தது நன்று. பயிற்சிக்கு முன்னரே வகுப்பை ஒப்படைத்து, கூலியாளின் வருவாயிலும் குறைந்த தொகையை அளித்தது நன்றன்று. மலிவான ஆசிரியரால் நிறைவான கல்வி வருமென எதிர்பார்த்தல் விதையைக் குறைத்து விளைவைப் பெருக்க நினைப்பதாகும்.

இரண்டாவது காரணம், ஒரே ஆசிரியர் பல வகுப்புகளை ஒருங்கே நடத்த வேண்டிய நிலை. ஒரு தரத்துக்குப் பாடம் நடக்கும்போது ஏனைய தரத்தினர் வாளா இருக்கின்றனர். இதனைத் தீராத குறையென்றே பலர் கருதுவர். கோப்பி விளையும் மற்றொரு நாடாகிய கொலம்பியா அவ்வாறு கருதவில்லை. அந்நாட்டின் மலைக் கிராமங்களில் 1970களின் நடுவில் ‘புதிய பள்ளி’ என்னும் முறை தோன்றியது. பிள்ளைகள் தாமே படிப்படியாகக் கற்றற்கேற்ற கைநூல்கள், சிறு குழுக்களாக அமர்தல், தத்தம் வேகத்தில் முன்னேறுதல், ஊராரின் தொழிலையும் வாழ்வையும் பாடமாக்குதல் ஆகியவை அதன் அடிப்படைகள். ஆந்திர தேசத்து ரிஷி பள்ளத்தாக்கின் கிராமப் பள்ளிகளும் அட்டைகளைக் கொண்டு இதுபோன்றதொரு வழியை வகுத்தன. தமிழ்நாட்டிலே 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல் அவ்வழியிலிருந்தே கிளைத்தது. ஆக, வகுப்புகள் கலந்திருத்தல் குற்றமன்று. கலந்த வகுப்பை நடத்தும் கலையை ஆசிரியருக்குக் கற்பிக்காமையே குற்றம்.

மூன்றாவது காரணம் வீடு. விடியுமுன் மலைக்குச் செல்லும் தாய்க்குப் பிள்ளையின் கொப்பியைப் பார்க்க நேரமில்லை. பிள்ளைக் காம்பராவிலிருந்து நேரே முதலாந் தரத்துக்கு வரும் குழந்தை, புத்தகத்தைக் கையால் தொட்டதே இல்லாமல் வருதல் உண்டு. அக்குறையைப் பாடசாலையன்றி வேறெவரும் நிரப்ப இயலாது.

இவற்றைச் சீர்செய்யப் பெருஞ்செல்வம் வேண்டுவதில்லை. பாடசாலையின் ஆற்றல் மிக்க ஆசிரியரை முதலிரண்டு தரங்களுக்கு அமர்த்துதல் வேண்டும். இன்று அவர் பரீட்சை வகுப்புக்கே ஒதுக்கப்படுகின்றார். தவணைதோறும் ஒவ்வொரு பிள்ளையையும் தனியே அழைத்து ஒரு பக்கம் வாசிக்கச் செய்து, இடறும் பிள்ளைக்கு நாளும் ஒரு மணி நேரம் ஒதுக்குதல் வேண்டும். உள்ளூர் ஆசிரியருக்கு முறையான பயிற்சியும் தகுந்த ஊதியமும், தொலைவிலிருந்து வருபவருக்கு உறைவிடமும் அளித்தல் வேண்டும். பெற்றோர் கூட்டத்தில் பிள்ளை பெற்ற புள்ளியைக் கூறுவதோடு அமையாது, தாய் தந்தையர் முன்னிலையில் பிள்ளையையே வாசிக்கச் செய்தல் வேண்டும். தான் கல்லாத தாயும், தன் பிள்ளை தடையின்றி வாசிக்கின்றதா என்பதைச் செவியால் அறிவாள். அவளினும் சிறந்த பரிசோதகர் இல்லை.

மாத்தளையின் தோட்டத்து மக்கள் கதவு திறப்பதற்காக நூறு ஆண்டு காத்திருந்தனர். இனி வரும் தலைமுறை வகுப்பறைக்குள் அமர்ந்து மற்றொரு நூறு ஆண்டு காத்திருத்தல் நீதியன்று. இடாப்பில் பெயர் எழுதுதல் அரசாங்கத்தால் ஆகும். அப்பெயரைப் பிள்ளை தானே எழுதவும், எழுதியதை வாசிக்கவும், வாசித்ததைச் சிந்திக்கவும் செய்தல் நல்லாசிரியரால் மட்டுமே ஆகும். அவரைத் தேடி, பயிற்றி, மலையிலே நிலைக்கச் செய்வதே இம்மாவட்டத்தின் தலையாய கல்விப் பணி.