கையெழுத்து இருக்கிறது, வீடு எங்கே?
(திண்டுக்கல் பேகம்பூர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



1990 அக்டோபர் 30. யாழ்ப்பாண முஸ்லிம்கள் வெளியேற விடுதலைப் புலிகள் தந்த அவகாசம் இரண்டே மணி நேரம். வட மாகாணம் முழுவதிலுமிருந்து சுமார் 75,000 பேர் விரட்டப்பட்டார்கள். பெரும்பாலோர் புத்தளத்து அகதி முகாம்களில் ஒதுங்கினார்கள்.

2002-ல் நார்வே சமரசத்தில் ஈடுபட்டிருந்தது. அந்த ஏப்ரலில் கிளிநொச்சியில் பிரபாகரனும் ரவூப் ஹக்கீமும் கையெழுத்திட்டார்கள். ஊர் திரும்பும் உரிமை ஏட்டில் ஏறியது. ஆனால் தாய்லாந்துப் பேச்சுவார்த்தையில் முஸ்லிம்களுக்குத் தனித் தரப்பு இல்லை. ஹக்கீம் அரசுக் குழுவில்தான் அமர்ந்தார்.

வியாபாரிகளே! பங்காளியை வாசலில் நிறுத்திவிட்டுப் பார்க்கும் கணக்கு நேராகுமா? 2003-ல் பேச்சு நின்றது. 2009-ல் போரும் முடிந்தது. புத்தளத்திலேயே தங்கிவிட்ட குடும்பங்கள் ஏராளம்.

இளைஞர்களே! அகதிக்கு அரிசி கொடுப்பது தர்மம். அவன் வழக்கைப் பேசும் சபையில் அவனையும் உட்கார வைப்பதே நீதி. எந்த நாட்டு அகதியானாலும் அதையே கேளுங்கள்!