பழைய பவர் டில்லரை வாங்குமுன் பரிசோதிக்கும் முறை

(கண்டனூர் வட்டாரக் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுக்கான பிரசங்கம்)



மாட்டுச் சந்தைக்குச் செல்லும் குடியானவர் எவரும் தரகர் சொல்லை மாத்திரம் நம்பி மாட்டைப் பிடித்துவருவதில்லை. பல்லைப் பிடித்துப் பார்ப்பார், நடக்கவிட்டுப் பார்ப்பார், கூடுமானால் ஏரில் பூட்டி ஒரு சால் ஓட்டியும் பார்ப்பார். அவரே பழைய உழவு யந்திரம் வாங்கப் போகையில், மேலே பூசிய புதுச் சாயத்தையும் விற்பவர் வாக்கையும் கண்டு முன்பணம் கொடுத்துவிடுவதுண்டு. மாட்டுக்குச் செய்யும் பரீக்ஷையை யந்திரத்துக்கும் செய்யலாம், செய்யவும் வேண்டும் என்பதே இப்பிரசங்கத்தின் பொருள்.

கண்டனூர், புதுவயல், சாக்கோட்டை முதலிய ஊர்களின் நெற்சாகுபடி பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழையையும் கண்மாய்களையும் நம்பியது. மழை பெய்து மண் பதமாயிருக்கும் நாட்கள் சிலவே. அந்நாட்களில் உழவு தவறினால் விதைப்புப் பிந்தும். விதைப்புப் பிந்தினால் கதிர் முற்றுமுன் கண்மாய்த் தண்ணீர் வற்றிவிடும். உழவு மாடுகள் அருகிவிட்ட இக்காலத்தில், பத்துப் பேர் நிலத்துக்குப் பொதுவாக வாங்கிய யந்திரம் அச்சமயம் பட்டறையில் கிடக்குமாயின், நஷ்டம் பழுது பார்க்கும் கூலியோடு நிற்பதன்று. பத்துக் குடும்பங்களின் ஒரு போகமும் போய்விடும்.

பவர் டில்லர் என்பது இரண்டு சக்கரங்களும் நீண்ட கைப்பிடிகளும் கொண்டு, ஓட்டுபவர் பின்னே நடந்து செலுத்தும் சிறு டிராக்டராகும். இலங்கைத் தமிழர் இதனை ‘லான்ட்மாஸ்டர்’ என்று ஓர் ஆங்கிலேயக் கம்பெனியின் பெயராலேயே வழங்குவர். சுழலும் கத்திகளால் மண்ணைக் கிளறும் முறையை ஆஸ்திரேலியாவில் ஆர்தர் கிளிஃபோர்டு ஹவர்ட் என்பவர் 1912-ஆம் ஆண்டில் சோதிக்கத் தொடங்கினார். இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின் ஜப்பானியர் தங்கள் சிறு நெல்வயல்களில் இவ்வகை யந்திரங்களைப் பெரிதும் கையாண்டனர். 1967-இல் தோன்றிய பெங்களூர் வி.எஸ்.டி. கம்பெனியும், 1973-இல் தோன்றிய கேரள சர்க்காரின் காம்கோ ஸ்தாபனமும் ஜப்பானியத் தொழில்நுட்பத்தைக் கொண்டே இவற்றைச் செய்யலாயின. 12 அல்லது 13 குதிரைத்திறனுள்ள ஒற்றைச் சிலிண்டர் டீசல் எஞ்சின்கள் இவற்றில் மிகுதி.

யந்திரம் எவர் செய்தது என்பதை அறிவது வீண் சரித்திரமன்று. உதிரி பாகம் கிடைப்பது அதைப் பொறுத்தது. சீனத்திலிருந்து வந்த யந்திரங்களும் பழையனவாக விற்பனைக்கு வருகின்றன. 2020-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் இந்திய சர்க்கார் பவர் டில்லர் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு விதித்தது. ஆகையால் அத்தகைய யந்திரத்தைப் பார்க்கச் செல்லுமுன், அதற்குரிய பிஸ்டன் ரிங், நாசில், கிளட்ச் தட்டு, ஆயில் சீல் ஆகியவை காரைக்குடியிலோ மதுரையிலோ கிடைக்கின்றனவா என்று விசாரித்தறிதல் நலம்.

முதலில் பத்திரங்களைப் பார்க்கவேண்டும். கிரய ரசீது விற்பவர் பெயரில் இருக்கின்றதா, அதிலுள்ள எஞ்சின் எண்ணும் சட்ட எண்ணும் யந்திரத்தில் பொறித்த எண்களோடு ஒத்திருக்கின்றனவா என்று ஒவ்வோர் எழுத்தாகச் சரிபார்த்தல் அவசியம். அராவிய எண்ணோ, மேலே அடித்துத் திருத்திய எண்ணோ காணப்பட்டால் அங்கேயே திரும்பிவிடலாம். கடனில் வாங்கியதாயின், கடன் தீர்ந்ததற்கு பாங்கியின் சான்று வேண்டும். 2014-15 முதல் நடைபெற்றுவரும் வேளாண்மை யந்திரமயமாக்கல் திட்டம் போன்றவற்றில் சர்க்கார் மானியத்துடன் வாங்கிய யந்திரத்தைக் குறித்த காலத்துக்குள் பிறருக்கு விற்கலாகாது. மானியம் பெற்றதா, காலக்கெடு கழிந்ததா என்பதை வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் கேட்டறியலாம்.

இனி யந்திரம். சங்கத்தார் வருமுன் எஞ்சினை ஸ்டார்ட் செய்யலாகாதென்று விற்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவைக்கவேண்டும். சென்றதும் எஞ்சின்மீது கையை வைத்துப் பார்ப்பது முதற் பரீக்ஷை. சூடாயிருந்தால், ஆறிய நிலையில் அது எளிதில் கிளம்பாதென்பது மறைக்கப்பட்டிருக்கலாம். ஆறும்வரை காத்திருத்தல் தகும்.

ஆறிய எஞ்சினில் ஆயில் அளவுகோலை எடுத்துத் துடைத்து மறுபடி விட்டுப் பார்க்கவேண்டும். டீசல் எஞ்சின் ஆயில் கறுத்திருப்பது குற்றமன்று. பால் கலந்த காப்பி நிறமாயிருந்தால் தண்ணீர் கலந்திருக்கின்றது. விரலில் தேய்க்கையில் உலோகப்பொடி மின்னினால் உள்ளே தேய்மானம் மிகுதி. ரேடியேட்டர் தண்ணீரில் எண்ணெய் மிதப்பதும் தீக்குறியே. காற்று வடிகட்டியைத் திறந்து பார்த்தல் மிகவும் முக்கியம். அதன் கிண்ணம் வறண்டு, உட்குழாயில் செம்மண் படிந்திருக்குமாயின், அம்மண் சிலிண்டருக்குள்ளும் சென்றிருக்கும். அது பிஸ்டன் ரிங்குகளை அரம்போல் தேய்த்துவிடும்.

பின்னர், டீசலை அடைத்து, கம்ப்ரஷன் லீவரைத் தூக்காமல், கைப்பிடியால் எஞ்சினை மெல்லச் சுற்றவேண்டும். ஓரிடத்தில் அது பலமாக எதிர்த்து நிற்றல் நல்லது. எதிர்ப்பேயின்றி எளிதாகச் சுற்றினால் வால்வோ ரிங்கோ தேய்ந்திருக்கும். பறக்கும் சக்கரத்தைப் பிடித்து முன்னும் பின்னும் அசைத்தால் ‘டக்’கென்று ஆடுமாயின் பேரிங் தேய்ந்ததென்று கொள்ளலாம்.

எஞ்சின் கிளம்பியபின் புகையைக் கவனிக்கவேண்டும். தொடக்கத்தில் சிறிது வெண்புகை வந்து சூடேறியதும் மறைந்துவிடுவது இயல்பு. மறையாமல் தொடர்ந்தால் டீசல் சரிவர எரியவில்லை, அல்லது தண்ணீர் உட்புகுகின்றது. பாரமில்லாதபோதும் கரும்புகை வந்தால் நாசிலோ காற்று வடிகட்டியோ கெட்டிருக்கும், அதைச் சீர்ப்படுத்தலாம். நீலப்புகை ஓயாது வந்தால் எஞ்சின் ஆயிலைக் குடிக்கின்றது, அச்செலவு பெரிது. ஆறிய நிலையிலேயே ரேடியேட்டர் மூடியை எடுத்துவைத்து எஞ்சினை ஓடவிட்டால், தண்ணீரில் இடைவிடாத குமிழிகள் எழுகின்றனவா என்று காணலாம். எழுமாயின் ஹெட் காஸ்கெட் கெட்டது. ஆனால் சூடேறியபின் அம்மூடியைத் திறப்பது ஆபத்து.

அடுத்து, பெல்ட்டுகளில் வெடிப்புண்டா என்று பார்த்து, கிளட்ச்சை விட்டு ஒவ்வொரு கியரையும் போட்டுப் பார்க்கவேண்டும். இடது வலது திருப்பு லீவர்களைத் தனித்தனியே பிடிக்கையில் அந்தந்தப் பக்கத்துச் சக்கரம் விடுபட்டு, விட்டவுடன் மீண்டும் பிடிக்கவேண்டும். கியர் பெட்டியிலும் கைப்பிடிச் சட்டத்திலும் வெல்டிங் செய்த தழும்புகளைத் தேடுதல் வேண்டும். சேற்றுழவில் ஓடிய யந்திரத்தில் அச்சின் ஆயில் சீல்கள் கெட்டு, கியர் பெட்டிக்குள் சேற்றுநீர் புகுவதுண்டு. கழுவித் துடைத்த யந்திரத்தில் கசிவு தெரியாது. சிறிது ஓட்டி நிறுத்தி, அடியில் காகிதம் விரித்துப் பார்த்தால் தெரியும். செம்புறாங்கல் சரளை கலந்த நிலத்தில் கத்திகள் விரைவில் தேயும். கடையிலிருந்து ஒரு புதுக்கத்தியைக் கொண்டுசென்று அருகே வைத்து ஒப்பிடலாம். கத்திகளின்மேலுள்ள தகட்டு மூடியைக் கழற்றிவிட்டு ஓட்டுவோர் உளர். அது காலுக்கு யமன். மூடியில்லாத யந்திரத்தை வாங்கினால், அதைப் பொருத்திய பின்னரே வயலில் இறக்கவேண்டும்.

இவ்வளவும் களத்துமேட்டில் செய்யும் பரீக்ஷை. உழவுப் பரீக்ஷை வயலில்தான். குறைந்தது ஒரு மணி நேரமாவது உழுது பார்க்கவேண்டும். பாரம் ஏறும்போது எஞ்சின் திணறுகின்றதா, கியர் தானே நழுவுகின்றதா, பெல்ட் கருகும் நாற்றம் வருகின்றதா என்பவை அப்பொழுதே வெளிப்படும். உழுதபின் நிறுத்தி, ஐந்து நிமிஷம் கழித்து மறுபடி ஸ்டார்ட் செய்யவேண்டும். சூட்டோடு கிளம்ப மறுக்கும் எஞ்சினில் கம்ப்ரஷன் குறைந்திருத்தல் கூடும்.

கண்ட குறைகளை இரண்டு ஜாபிதாவாகப் பிரித்து எழுதிக்கொள்ளலாம். பெல்ட், கத்தி, டயர், கேபிள், வடிகட்டி ஆகியவற்றின் குறைகள் விலையைக் குறைக்கக் காரணமாகும். ஆயிலில் தண்ணீர், ஓயாத நீலப்புகை, நழுவும் கியர், வெடித்த கியர் பெட்டி, ஒவ்வாத எண் ஆகியவை வாங்காது திரும்பக் காரணமாகும். இரண்டாவது ஜாபிதாவில் ஒன்றேனும் இருந்தால், விலை எவ்வளவு குறைத்தாலும் அது மலிவன்று. குறையொன்றும் பெரிதாக இல்லாவிடினும், கேட்கும் கிரயத்தோடு உடனே செய்யவேண்டிய பழுதுச் செலவைக் கூட்டி, மானியம் போகப் புதியதன் விலை என்ன என்பதோடு ஒப்பிடவேண்டும். வித்தியாசம் சொற்பமாயின் புதியதே மேல்.

சென்னை மாகாணத்தில் 1904-ஆம் ஆண்டு திரூரில் முதல் கிராமக் கூட்டுறவுக் கடன் சங்கம் தோன்றியது முதல், பலர் பணத்தைப் பலர் அறியச் செலவிடுவதே இவ்வியக்கத்தின் அடிப்படை. ஆகையால் யந்திரம் பார்க்க ஒருவரை மாத்திரம் அனுப்பலாகாது. அங்கத்தினர் இருவரும், யந்திரம் ஓட்டப்போகின்றவரும், விற்பவருக்கு வேண்டியவரல்லாத ஒரு மெக்கானிக்கும் சேர்ந்து செல்லவேண்டும். கண்டவற்றைக் குறிப்பெழுதிக் கையொப்பமிட்டுக் கமிட்டியின் முன் வைக்கும்வரை முன்பணம் ஒரு ரூபாயும் கொடுக்கலாகாது. மூன்று ஊர் சென்று மூன்று யந்திரங்களைப் பார்த்து வெறுங்கையோடு திரும்பினாலும் சங்கத்துக்கு நஷ்டம் பஸ் சத்தமும் மெக்கானிக்கின் ஒருநாட் கூலியுமே.