யூதர் நாட்காட்டியும் கைப்பேசியும்

யூதர்க்கு நாள் பிறப்பது மாலையில். மாதம் சந்திரனைப் பின்பற்றுவது. பருவம் பிறழாதிருக்க 19 ஆண்டுகளில் 7 முறை ஒரு மாதத்தைக் கூட்டுவர். நாம் குடியேறி வாழும் பல மாநிலங்களில் வழங்கும் அதிக மாதம் போன்றதே இது.

இக்கணக்கை இன்று ஹெப்கால் முதலிய இணையக் கருவிகள் நொடியில் தருகின்றன. ஊரைக் குறிப்பிட்டால், வெள்ளி மாலை மெழுகுவத்தி ஏற்றும் வேளையும் கிடைக்கும். பெரும்பாலும் அது கதிரவன் மறைய 18 நிமிடம் முன்பு, எருசலேமில் 40. மறைந்தபின் தீ மூட்டலாகாது. எனவே நிமிடப் பிழையும் சிறிதன்று.

வேடிக்கை என்னவெனில், நெறி வழுவாதோர் ஓய்வுநாளில் கைப்பேசியைத் தொடார். அது முடியும் நேரத்தையும் வெள்ளியன்றே குறித்துக்கொள்ள வேண்டும். மறந்தவர் சனி மாலை வானத்தில் மூன்று விண்மீன்கள் தோன்றும்வரை காத்திருப்பர்.